நியூட்ரினோவின் வேகம் ஆறு மாதத்தில் தீர்ந்தது. விண்மீன் மண்டலங்களின் சுழற்சி ஏன் தீரவில்லை?

வளவன்

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். பாடத்திட்டத்துக்கு வெளியே மாணவர்கள் அடிக்கடி கேட்கும் இரண்டு செய்திகளை இங்கே ஒன்றாக வைக்கிறேன். தனித்தனியாகக் கேட்கும்போது இரண்டுக்கும் விடை சொல்லிவிட முடிகிறது. அருகருகே வைத்துக் கேட்டால் அந்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லையோ என்ற ஐயம் எழுகிறது.

2011 செப்டம்பரில், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து அனுப்பப்பட்ட நியூட்ரினோக்கள் (பாறையையும் எளிதில் ஊடுருவும், மின்னூட்டமற்ற நுண்துகள்கள்), இத்தாலியில் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில் இருக்கும் ஓபரா கருவியை, ஒளி சென்றடைய வேண்டிய நேரத்தைவிட ஏறத்தாழ 60 நானோ நொடி முன்னதாகவே அடைந்தன என்று அறிவிக்கப்பட்டது. ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு பொய்த்துவிட்டதோ என்று உலகமே பரபரப்பாகப் பேசியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே, கேபிள் இணைப்பு ஒன்று சரியாகப் பொருந்தாததே காரணம் என்று தெரிந்து, பேச்சு அடங்கிவிட்டது.

மறுபுறம், ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் வெளிப்புறத்தில் உள்ள வாயுத் திரள்கள் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாகச் சுற்றுகின்றன என்று வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் எழுதினார்கள். அந்த முரண்பாடு இன்றுவரை நீங்கவில்லை. அதை விளக்குவதற்காக, யாரும் நேரடியாகப் பிடித்துக் காட்டாத கரும்பொருள் என்ற ஒன்று பேரண்டம் முழுவதும் நிறைந்திருப்பதாகப் பெரும்பாலான அறிவியலாளர்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

என் மாணவி ஒருவர் இதை இப்படிக் கேட்டார்: "ஐன்ஸ்டைனைக் காப்பாற்ற ஓரிடத்தில் கேபிளைக் காரணம் காட்டுகிறார்கள், இன்னோரிடத்தில் கண்ணுக்குத் தெரியாத பொருளைக் காரணம் காட்டுகிறார்கள். இரண்டும் ஒரே வேலைதானே?" கேள்வி கூர்மையானது என்பதால் மேலோட்டமாக எதையாவது சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கோட்பாட்டுக்கு ஒவ்வாத அளவீடு ஒன்று வரும்போது, எப்போது அளவீட்டைச் சந்தேகிக்கிறோம், எப்போது கோட்பாட்டைச் சந்தேகிக்கிறோம், எப்போது புதிதாக ஒரு பொருள் இருப்பதாகக் கொள்கிறோம்? இதற்கு ஒரு முறை உண்டா, அல்லது துறையில் உள்ளவர்களின் மனச்சாய்வுதான் முடிவு செய்கிறதா? அறிந்தவர்கள் விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.

நித்திலா

வளவன் ஐயாவுக்கு வணக்கம். துகள் இயற்பியல் கருவிகளோடு பழகியவள் என்ற முறையில் நியூட்ரினோ பகுதிக்கு மட்டும் விடை எழுதுகிறேன். கேபிள் என்ற ஒரே சொல்லில் அந்தக் கதையை முடித்துவிடுவதால், அதில் மாணவர்கள் கற்க வேண்டிய பகுதி முழுவதும் விடுபட்டுப்போகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். செர்னிலிருந்து கிரான் சாஸ்ஸோவுக்குப் பாறையின் ஊடாக நேர்கோட்டில் ஏறத்தாழ 730 கிலோமீட்டர். ஒளி அதைக் கடக்க ஏறத்தாழ 24 இலட்சம் நானோ நொடி ஆகும். அதில் 60 நானோ நொடி முந்துவது என்றால் 40,000இல் ஒரு பங்கு வேறுபாடு. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் செல்லும் என்பதால், தொலைவைக் கணிப்பதில் 18 மீட்டர் பிழை இருந்திருந்தாலும் இதே விடை வந்திருக்கும். அதனால்தான் ஓபரா குழுவினர் தொலைவை 20 சென்டிமீட்டர் துல்லியத்துக்கு அளந்து வைத்திருந்தார்கள். 2009 ஏப்ரலில் லாக்விலா நகரை உலுக்கிய நிலநடுக்கத்தால் அவர்களுடைய ஆய்வகம் சுமார் 7 சென்டிமீட்டர் நகர்ந்ததுகூட அவர்களுடைய அளவீட்டில் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே தொலைவு பிழைபட்டிருக்க வாய்ப்பில்லை. எஞ்சியது நேரம்.

நேரத்தைப் பற்றி முதலில் எழுந்த ஐயம் இது. செர்னில் புரோட்டான்கள் ஒவ்வொரு முறையும் 10.5 மைக்ரோ நொடி நீளமுள்ள துடிப்பாக வெளியேற்றப்பட்டன. அதாவது, தேடுகின்ற 60 நானோ நொடி வேறுபாட்டைவிடத் துடிப்பின் நீளம் நூறு மடங்குக்கும் மேல் அதிகம். எந்த நியூட்ரினோ எந்தக் கணத்தில் பிறந்தது என்று தனித்தனியே சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான நிகழ்வுகளைத் திரட்டி, அவற்றின் பரவலைப் புரோட்டான் துடிப்பின் வடிவத்தோடு பொருத்திப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பொருத்துதலில்தான் தவறு இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். எனவே 2011 அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும், வெறும் 3 நானோ நொடி நீளமுள்ள குறுந்துடிப்புகளை ஒன்றுக்கொன்று நன்றாக இடைவெளி விட்டு அனுப்பினார்கள். கிடைத்தவை 20 நியூட்ரினோக்கள் மட்டுமே. ஆனால் ஒவ்வொன்றின் பிறப்பு நேரமும் தெளிவாகத் தெரிந்தது. விடை 62 நானோ நொடி, ஏறத்தாழ மாற்றமே இல்லை.

ஓர் ஆய்வைத் திரும்பச் செய்து அதே விடை கிடைத்தால் அது உறுதியாகிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். இங்கே திரும்பச் செய்த ஆய்வும் அதே கடிகாரத்தையும், அதே கேபிளையும், அதே மின்னணுச் சாதனங்களையும் சார்ந்திருந்தது. துடிப்பின் நீளத்தால் வரக்கூடிய பிழையை அது நீக்கியது. கடிகாரத்தின் பிழையை அது தொடவே இல்லை. உங்கள் மாணவியிடம் நான் சொல்ல விரும்புவது இந்த வேறுபாட்டைத்தான்.

பழுது இருந்த இடம் இது. மலைக்கு மேலே ஜி.பி.எஸ். வாங்கி தரும் நேரக் குறிப்பு, 8 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள ஒளியிழை வழியாகக் குகைக்குள் இருக்கும் தலைமைக் கடிகாரத்துக்கு வருகிறது. அந்த இழையின் முனை இறுகப் பொருத்தப்படாததால் உள்ளே நுழையும் ஒளியின் அளவு குறைந்தது. ஒளி குறைந்தால், அதை உணரும் மின்சுற்று தன் வாசல் அளவை எட்டக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். இப்படித்தான் 70 நானோ நொடிக்குச் சற்று மேல் தாமதம் உண்டாயிற்று. குகைக்குள் இருந்த கடிகாரம் அந்த அளவுக்குப் பின்தங்கியதால், வந்த நியூட்ரினோக்கள் எல்லாம் முன்னதாகவே வந்தவைபோல் பதிவாயின. கடிகாரத்துக்குத் துடிப்பைத் தரும் அலைவி சற்று வேகமாக ஓடியதால் எதிர்த்திசையில் சிறு பிழையும் சேர்ந்தது. இரண்டின் நிகர விளைவே அந்த 60.

கேபிள் தளர்ந்திருந்தது என்று கண்டவுடன் யாரும் விசாரணையை முடித்துவிடவில்லை. அது எப்போது தளர்ந்தது என்பதற்குச் சான்று வேண்டியிருந்தது. அதே மலைக்குள் ஏறத்தாழ 160 மீட்டர் தள்ளி எல்.வி.டி. என்ற வேறொரு கருவி, தனக்கெனத் தனிக் கடிகாரத்தோடு பல ஆண்டுகளாக இயங்கிவந்தது. மலையின் ஒரு பக்கத்தில் பாறை ஒப்பீட்டளவில் மெலிந்திருப்பதால், அந்தத் திசையிலிருந்து கிடைமட்டமாக வரும் மியூவான்கள் (விண்வெளிக் கதிர்களால் காற்றுமண்டலத்தில் உண்டாகும் துகள்கள்) எப்போதாவது இரண்டு கருவிகளையும் ஊடுருவிச் செல்லும். பழைய பதிவுகளிலிருந்து அப்படிப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட மியூவான்களைத் தேடி எடுத்து, இரு கடிகாரங்களும் காட்டிய நேரத்தை ஒப்பிட்டார்கள். 2008இன் நடுப்பகுதியிலிருந்து 2011 இறுதி வரை ஓபராவின் கடிகாரம் ஏறத்தாழ 73 நானோ நொடி விலகியிருந்தது தெரியவந்தது. நியூட்ரினோவுக்குச் சற்றும் தொடர்பில்லாத துகள்களைக் கொண்டு, வேறொரு குழுவின் கடிகாரத்தை வைத்து இதைக் கண்டறிந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதே இல்லை.

2012 மார்ச்சில், அதே மலையில் இருந்த இக்காரஸ் குழு அந்தக் குறுந்துடிப்புகளில் தன்னிடம் சிக்கிய ஏழு நியூட்ரினோக்களை ஆராய்ந்து, அவை ஒளியின் வேகத்துக்குப் பொருந்துகின்றன என்று வெளியிட்டது. மே மாதம் மீண்டும் கற்றை அனுப்பப்பட்டபோது ஓபரா, இக்காரஸ், எல்.வி.டி., போரெக்ஸினோ ஆகிய நான்கும் ஒரே விடையைத் தந்தன.

ஐன்ஸ்டைனைக் காப்பாற்றும் எண்ணம் இதில் எங்கும் இல்லை. கோட்பாட்டுப் பக்கத்திலிருந்து வந்த எதிர்ப்பும் நம்பிக்கையின் பேரில் எழுந்ததன்று. அத்தனை வேகத்தில் செல்லும் நியூட்ரினோ வழியெல்லாம் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளை உமிழ்ந்து ஆற்றலை இழந்திருக்க வேண்டும், ஆகவே உயர் ஆற்றல் நியூட்ரினோக்கள் கிரான் சாஸ்ஸோவை அடைந்திருக்கவே முடியாது என்று கோஹனும் கிளாஷோவும் சில வாரங்களிலேயே கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆனால் அவை வந்து சேர்ந்திருந்தன. 1987 பிப்ரவரியில், நம் அண்டை விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த சூப்பர்நோவாவின் நியூட்ரினோக்கள், ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு பயணத்துக்குப் பிறகு, ஒளிக்குச் சில மணி நேரம் முன்புதான் வந்தன. அதற்கும் வெடிப்பின் ஒளி விண்மீனின் வெளியடுக்குகளைக் கடந்து வர நேரமாகும் என்பதே காரணம். ஓபரா சொன்ன வேகம் அவற்றுக்கும் இருந்திருந்தால் நான்கு ஆண்டுகள் முன்னரே வந்திருக்கும். அந்த நியூட்ரினோக்களின் ஆற்றல் மிகக் குறைவு என்பதால் இந்த ஒப்பீடு மட்டுமே தீர்ப்பாகிவிடாது. கேபிள் கண்டுபிடிக்கப்படாதிருந்தால் விவாதம் தொடர்ந்திருக்கும், தொடர்ந்திருக்கவும் வேண்டும்.

செங்கோடன்

நித்திலா அம்மையார் எழுதியதில் ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு சுழற்சிப் பக்கத்துக்கு வருகிறேன்: அதே கடிகாரம், அதே கேபிள். விண்மீன் மண்டலங்களின் சுழற்சியில் அப்படிப் பொதுவான கேபிள் ஏதேனும் உண்டா என்று தேடினால் மாணவியின் கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும்.

சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்திலும், பூமி 30 கிலோமீட்டர் வேகத்திலும், நெப்டியூன் ஐந்தரை கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகத்திலும் சுற்றுகின்றன. நிறை முழுவதும் நடுவில் குவிந்திருந்தால் வேகம் தொலைவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். விண்மீன் மண்டலத்தில் நிறை பரவிக் கிடப்பதால் நடுப்பகுதியில் இது பொருந்தாது. ஆனால் விண்மீன்கள் அருகிப்போகும் வெளிவிளிம்பைத் தாண்டியதும் வேகம் இறங்கத் தொடங்க வேண்டும். அது இறங்கவில்லை. அந்தக் கோடு தட்டையாகவே நீள்கிறது.

ரூபினும் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாவில் 67 அயனி வாயுத் திரள்களின் நிறமாலையை எடுத்து, டாப்ளர் பெயர்ச்சியிலிருந்து வேகத்தைக் கணித்தார்கள். பாடநூல்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. கண்ணுறு ஒளியில் அளந்த அந்த வளைகோடுகள் மட்டும் இருந்திருந்தால், கரும்பொருள் என்ற முடிவுக்கு யாரும் வரவேண்டிய கட்டாயம் இருந்திருக்காது. ஒளிரும் பகுதிக்குள் விண்மீன்களின் நிறையைச் சற்று அதிகமாகக் கொண்டாலே அவற்றில் பலவற்றை விளக்கிவிடலாம். விண்மீன்கள் முடிந்த பிறகும் வெகுதூரம் பரவியிருக்கும் ஹைட்ரஜன் வாயுவை, அதன் 21 சென்டிமீட்டர் வானொலி அலையைக் கொண்டு அளந்ததுதான் திருப்புமுனை. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் வானொலித் தொலைநோக்கியைப் பயன்படுத்தி ஆல்பர்ட் போஸ்மா 1978இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதில் முதன்மையானது. ரூபின் அம்மையாரின் புகழுக்கு இதனால் எந்தக் குறைவும் இல்லை. போஸ்மாவின் பெயரும் வகுப்பறைகளில் சொல்லப்பட வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஒளித் தொலைநோக்கியும் நிறமாலைமானியும் ஒரு வழி. வானொலி அலைவாங்கி வேறொரு வழி. இரண்டுக்கும் பொதுவான கருவி எதுவும் இல்லை. இவற்றுக்கு வெகுகாலம் முன்பே, 1933இல், கோமா கொத்து என்ற விண்மீன் மண்டலக் கூட்டத்திலுள்ள மண்டலங்கள் கொத்தை விட்டு ஓடிவிடாமல் இருக்க வேண்டுமானால் கண்ணுக்குத் தெரிவதைவிட மிக அதிகமான நிறை வேண்டும் என்று ஃபிரிட்ஸ் ஸ்விக்கி சொல்லியிருந்தார். அவர் அளந்தது ஒரு மண்டலத்துக்குள் நிகழும் சுழற்சியை அன்று, மண்டலங்களின் தாறுமாறான ஓட்டத்தை. பிறகு ஈர்ப்பு வில்லை வந்தது. பின்னாலிருந்து வரும் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்த்து நிறையைக் கணிக்கும் அந்த முறைக்கு வேகம் என்ற அளவே தேவையில்லை. அதுவும் கூடுதல் நிறை இருப்பதாகவே சொல்கிறது.

இவை அனைத்திலிருந்தும் விலகி நிற்பது அண்ட நுண்ணலைப் பின்னணி. பேரண்டம் ஏறத்தாழ 3,80,000 ஆண்டு வயதாக இருந்தபோது, விண்மீன் மண்டலம் ஒன்றுகூடத் தோன்றாத காலத்தில், வெளிப்பட்ட ஒளி அது. அந்தத் தொடக்ககால வாயுவில் ஒலியலைகள் எழுந்து அடங்கியதன் தடம் அதில் பதிந்துள்ளது. ஒளியோடு சேர்ந்து அதிரும் சாதாரணப் பொருளுக்கும், ஒளியால் தள்ளப்படாமல் ஈர்ப்பால் மட்டும் இழுக்கும் பொருளுக்கும் அந்தத் தடத்தின் முகடுகள் வெவ்வேறு விதமாக உயர்ந்து தாழும். பிளாங்க் விண்கலம் அளந்த முகடுகள் சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கும் சற்று மேலான கரும்பொருளைக் கேட்கின்றன. மண்டலச் சுழற்சியைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் இந்தத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாலும் இதே எண்ணுக்குத்தான் வந்து சேர்வார்.

ஆகவே மாணவியின் கேள்விக்கு என் விடை: நியூட்ரினோ விலகல் ஒரே கடிகாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அந்தக் கடிகாரம் திருத்தப்பட்டதும் மறைந்தது. கண்ணுக்குத் தெரியும் நிறை போதவில்லை என்ற முரண்பாடு ஒன்றையொன்று சாராத பல அளவீடுகளில் நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பொய்யாக்கும் கேபிள் எதுவும் இல்லை. எனவே அளவீட்டைச் சந்தேகிக்கும் கட்டம் அங்கே கடந்துவிட்டது. மீதமிருப்பது, கோட்பாடு பிழையா, பொருள் மறைந்திருக்கிறதா என்ற கேள்வி.

பொன்னி

செங்கோடன் ஐயாவின் கடைசி வரி மிகச் சரியானது. அதற்கு முந்தைய பத்திகளோ அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே தீர்ப்பு வந்துவிட்டதைப் போன்ற எண்ணத்தைத் தருகின்றன. மறுபக்கத்தையும் மாணவர்கள் முழுமையாக அறிய வேண்டும்.

1983இல் மோர்டெகாய் மில்கிரோம் ஒரு கருத்தை முன்வைத்தார். முடுக்கம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் நியூட்டனின் விதி மாறுகிறது என்பது அது. அந்த எல்லை, பூமியின் மேற்பரப்பில் நாம் உணரும் ஈர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 8,000 கோடியில் ஒரு பங்கு. அதற்கு மேல் எல்லாம் பழையபடி. அதற்குக் கீழே ஈர்ப்பு எதிர்பார்த்ததைவிட மெதுவாகக் குறையும். இந்த ஒரே எண்ணைக் கொண்டு, ஒரு மண்டலத்தின் விண்மீன்களையும் வாயுவையும் மட்டும் கணக்கில் எடுத்து, அதன் சுழற்சி வளைகோட்டை வரைந்துவிடலாம். மங்கிய, விண்மீன்கள் அடர்த்தியின்றிப் பரவிய மண்டலங்களில் முரண்பாடு மிகப் பெரிதாக இருக்கும் என்று அவர் அப்போதே சொன்னார். அவற்றை நல்ல துல்லியத்தோடு அளந்த தரவுகள் 1990களில் வந்தபோது அப்படியே இருந்தன.

2016இல் மக்கா, லெல்லி, ஷோம்பர்ட் ஆகிய மூவரும் 153 மண்டலங்களில் எடுத்த 2,693 புள்ளிகளை ஒரே வரைபடத்தில் இட்டார்கள். ஓர் அச்சில் கண்ணுக்குத் தெரியும் பொருளிலிருந்து எதிர்பார்க்கும் முடுக்கம். மற்ற அச்சில் உண்மையில் அளந்த முடுக்கம். பெரியவை, சிறியவை, வாயு மிகுந்தவை, விண்மீன் மிகுந்தவை என எல்லாம் ஒரே மெல்லிய கோட்டில் வந்து விழுந்தன. கரும்பொருள்தான் சுழற்சியைத் தீர்மானிக்கிறது என்றால், அளவில் அதைவிட மிகச் சிறியதான சாதாரணப் பொருளைப் பார்த்தே சுழற்சியை எப்படிக் கணிக்க முடிகிறது? மண்டலங்கள் உருவாகும் முறையிலிருந்து இந்த ஒழுங்கைக் கணினி உருவகங்கள் வருவித்துக் காட்டுகின்றன என்று கரும்பொருள் பக்கத்தார் சொல்வதை நான் அறிவேன். அந்த உருவகங்களில் சரிசெய்யத்தக்க எண்கள் பல. மில்கிரோமின் விதியில் ஒன்று.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்டலக் கொத்துகளில் இந்த விதி போதவில்லை. அங்கே ஏறத்தாழ இரு மடங்கு நிறை இன்னும் தேவைப்படுகிறது. மோதிக்கொண்ட இரு கொத்துகளைப் பற்றிய 2006ஆம் ஆண்டின் ஆய்வு, சாதாரணப் பொருளில் பெரும்பங்கான வெப்ப வாயு நடுவில் தங்கிவிட, ஈர்ப்பு வில்லை காட்டும் நிறை இருபுறமும் விலகிச் சென்றிருப்பதைக் காட்டியது. இது எங்கள் பக்கத்துக்குக் கடினமான சான்று. 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததில் எழுந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும் ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு கடந்து, 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. ஈர்ப்பலையும் ஒளியும் வெவ்வேறு வேகத்தில் செல்லும் என்ற பல மாற்றுக் கோட்பாடுகள் அன்றோடு முடிந்தன. எனினும் 2021இல் ஸ்கோர்டிஸும் ஸ்லோஷ்னிக்கும் அந்தத் தடையையும் கடந்து, நுண்ணலைப் பின்னணியின் முகடுகளோடும் பொருந்தும் ஒரு சார்பியல் வடிவத்தைத் தந்துள்ளனர்.

வளவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே கருவிச் சங்கிலியில் தொங்கும் முரண்பாடு, பல சங்கிலிகளில் நிற்கும் முரண்பாடு என்ற பிரிவினை எனக்கு மிகவும் பயன்படும். இரண்டு துணைக் கேள்விகள் உள்ளன. இந்த இரண்டுக்கும் நடுவில், இன்னும் தீராமல் நிற்கும் நேர்வு ஏதேனும் உண்டா? மேலும், ஒளியைவிட வேகமான துகளைச் சார்பியல் அடியோடு தடுக்கிறதா, அல்லது தேடுவதற்கு இடம் விட்டிருக்கிறதா?

கதிர்வேல்

இரண்டாவது கேள்விக்கு மட்டும் சுருக்கமாக விடையளிக்கிறேன்.

ஒளியைவிடக் குறைந்த வேகத்தில் செல்லும் துகளை ஒளியின் வேகத்துக்கு உயர்த்த எல்லையற்ற ஆற்றல் தேவை என்பதுதான் சார்பியல் போடும் தடை. பிறப்பிலிருந்தே ஒளியைவிட வேகமாகச் செல்லும் துகள் இருக்கக்கூடுமா என்பது வேறு கேள்வி. 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே, சுதர்சன் மூவரும் இதைத்தான் எழுப்பினார்கள். இவர்களில் ஈ. சி. ஜி. சுதர்சன் கோட்டயம் பகுதியில் பிறந்து, தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று, பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 1967இல் ஜெரால்டு ஃபைன்பெர்க் இவற்றுக்கு டேக்கியான் என்று பெயரிட்டார். அவற்றின் நிறையின் வர்க்கம் எதிர்க்குறி கொண்டதாக இருக்கும். ஆற்றலை இழக்க இழக்க அவை வேகம் கூடும். அவற்றைக் கொண்டு கடந்த காலத்துக்குச் செய்தி அனுப்ப முடிந்துவிடுமே என்ற தடைக்கு, எதிர் ஆற்றலோடு பின்னோக்கிச் செல்வதை நேர் ஆற்றலோடு முன்னோக்கிச் செல்வதாகக் கொள்ளலாம் என்று சுதர்சனும் உடனிருந்தவர்களும் விடை கூறினர். அந்த விடை எல்லோருக்கும் நிறைவளிக்கவில்லை. மின்னூட்டம் கொண்ட டேக்கியான் வெற்றிடத்திலேயே செரன்கோவ் ஒளியை (ஓர் ஊடகத்தில் ஒளியை முந்திச் செல்லும் மின்துகள் வெளியிடும் ஒளி) உமிழ வேண்டும் என்பதால் அதை 1968இல் ஆல்வேகரும் கிரைஸ்லரும் தேடினார்கள். எதுவும் அகப்படவில்லை. இன்றைய புலக் கோட்பாட்டில், நிறையின் வர்க்கம் எதிர்க்குறியாக வந்தால் அந்தப் புலம் நிலையற்ற இடத்தில் இருக்கிறது என்றுதான் பொருள் கொள்கிறார்கள். அங்கேயும் செய்தி ஒளியை முந்துவதில்லை.

1990களில், ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியத்தின் சிதைவைக் கொண்டு நியூட்ரினோவின் நிறையை அளந்த பல ஆய்வகங்களில் நிறையின் வர்க்கம் எதிர்க்குறியாகவே வந்துகொண்டிருந்தது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். நியூட்ரினோவே டேக்கியான்தானோ என்று சிலர் எழுதவும் செய்தனர். ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வில், உறைந்த டிரிட்டியப் படலம் வெப்பநிலையால் சொரசொரப்பாக மாறி, எலக்ட்ரான்கள் கணக்கில் வராத ஆற்றலை இழந்ததே காரணம் என்று தெரிந்தது. படலத்தை இன்னும் குளிர்வித்ததும் அந்த விலகல் நீங்கியது. பின்னர் கார்ல்ஸ்ரூஹேயில் அமைந்த காட்ரின் கருவி, நிறை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இல்லை என்று 2025இல் வெளியிட்டுள்ளது.

நித்திலா

வளவன் ஐயாவின் முதல் துணைக் கேள்விக்கு மிகப் பொருத்தமான நேர்வு அதே கிரான் சாஸ்ஸோ மலைக்குள்ளேயே இருக்கிறது.

சூரியன் பால்வெளி மண்டலத்தை நொடிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. மண்டலத்தைக் கரும்பொருள் சூழ்ந்திருந்தால் அது ஓயாத எதிர்காற்றுபோல நம்மீது வீச வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஜூன் தொடக்கத்தில் அந்த வீச்சு சற்றுக் கூடியும் டிசம்பரில் சற்றுக் குறைந்தும் இருக்கும். டாமா என்ற குழு, சோடியம் அயோடைடு படிகங்களில் தோன்றும் மிகச் சிறிய ஒளித் துளிகளை எண்ணி, இப்படி ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்கும் போக்கைத் தான் காண்பதாக 1990களின் இறுதியிலிருந்து சொல்லிவருகிறது. உச்சம் வரும் நாளும் கணக்குக்குப் பொருந்துகிறது. புள்ளியியல் அடிப்படையில் அதைத் தற்செயல் என்று ஒதுக்கவே முடியாது.

ஆனால் அதே மலைக்குள் உள்ள செனான் கருவியும், அமெரிக்காவின் தென் டகோட்டாவில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் ஏழு டன் திரவ செனானைக் கொண்டு தேடும் எல்.இசட். கருவியும் எதையும் காணவில்லை. செனானோடு மோதாமல் சோடியத்தோடு மட்டும் மோதும் துகளாக இருக்கலாமே என்று வாதிட இடமிருந்தது. அந்த இடத்தை அடைப்பதற்காகவே தென்கொரியாவில் கோசைன் குழுவும், ஸ்பெயினின் கான்ஃபிராங்க் ஆய்வகத்தில் அனைஸ் குழுவும் அதே சோடியம் அயோடைடு படிகங்களை நிறுவின. இரண்டிலும் டாமா சொன்ன ஏற்றத்தாழ்வு இல்லை.

டாமாவின் முரண்பாடு கால் நூற்றாண்டாகத் திரும்பத் திரும்ப உறுதிப்பட்டுவருகிறது. ஆனால் எப்போதும் அதே குழுவாலேயே. அதனால் அதை நான் ஓபராவின் பக்கத்தில்தான் வைப்பேன். கேபிள் மட்டும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சராசரிப் பின்னணியைக் கழிக்கும் முறையே இல்லாத ஏற்றத்தாழ்வை உண்டாக்கக்கூடும் என்று கோசைன் குழு தன் தரவிலேயே செய்து காட்டியது. அப்படி உண்டானதோ டாமா காண்பதற்கு எதிர்க் கட்டத்தில், அதாவது ஏற்றம் வர வேண்டிய காலத்தில் இறக்கமாக, அமைந்தது. ஆகவே அதுவும் முழு விளக்கமாகவில்லை. ஆஸ்திரேலியாவின் ஸ்டாவெல் தங்கச் சுரங்கத்தில் சேபர் என்ற கருவியை அமைப்பதன் நோக்கம் எளிது: தெற்கில் பருவகாலம் தலைகீழ். வெப்பமோ ஈரமோ காரணமாக இருந்தால் உச்சம் ஆறு மாதம் தள்ளிப்போகும். கரும்பொருளின் வீச்சு என்றால் அங்கும் ஜூன்தான்.

பொன்னி

இன்றைக்கே தரவைப் பார்த்துப் பயில விரும்பும் மாணவர்களுக்கு அகன்ற இரட்டை விண்மீன்களைப் பரிந்துரைக்கிறேன். இரு விண்மீன்கள், பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயான தொலைவைப்போல் ஏறத்தாழ 7,000 மடங்கு விலகி நின்று ஒன்றையொன்று சுற்றினால், அவற்றின் முடுக்கம் மில்கிரோமின் எல்லைக்கு வந்துவிடும். அங்கே இடையில் கரும்பொருள் குறிப்பிடத்தக்க அளவு இருக்க வழியில்லை. எனவே நியூட்டனின் விதி மாறுகிறதா இல்லையா என்பதை நேராகவே கேட்கலாம். அவற்றின் சார்பு வேகம் நொடிக்கு அரை கிலோமீட்டர் அளவுதான்; மாற்று விதி சரியென்றால் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும்.

விண்மீன்களின் இருப்பிடத்தையும் அசைவையும் அளந்த கையா விண்கலத்தின் ஒரே தரவுத் தொகுப்பை எடுத்துக்கொண்டு, 2023இல் ஒரு குழு மாற்றம் தெரிகிறது என்றது. இன்னொரு குழு மாற்றமே இல்லை என்று மிக உறுதியாகச் சொன்னது. தரவு ஒன்றே என்பதால் இங்கே கேபிளைக் காரணம் காட்ட முடியாது. சிக்கல், தெரியாத மூன்றாவது விண்மீனில் இருக்கிறது: இணையில் ஒன்று தனக்கென மங்கிய துணை ஒன்றை மறைத்து வைத்திருந்தால், அதன் இழுப்பால் வேகம் கூடியதுபோல் தோன்றும். அப்படிப்பட்ட இணைகளை எவ்வளவு கடுமையாக வடிகட்டுவது என்பதில்தான் இரு தரப்பும் பிரிகின்றன. கையா 2025 ஜனவரியில் தன் நோக்கீடுகளை முடித்துக்கொண்டது. அதன் முழுக் காலத் தரவு வெளிவரும்போது, மறைந்திருக்கும் துணைகளால் விண்மீன்கள் தள்ளாடுவதை நேரடியாகவே காணலாம்.